வேடருக்கு எதற்குப் பால்யம்?

1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில், பாலைவனத்தில் தனித்துக் கிடக்கும் ஒரு வீட்டில், கிழவர் ஓபி-வான் கெனோபியும் இளைஞன் லூக்கும் உட்கார்ந்து பேசுவார்கள். லூக்கின் அப்பா எப்பேர்ப்பட்ட விமானி, எவ்வளவு நல்ல நண்பர், தாங்கள் இருவரும் ஜெடாய் வீரர்களாக இருந்தது, டார்த் வேடர் என்ற மாணவன் துரோகம் செய்து அவரைக் கொன்றது என்று கிழவர் சொல்லிக்கொண்டே போவார். நடுவில் க்ளோன் போர்கள் என்று ஒரு பேச்சு வந்துபோகும். அந்தப் போர் யாருக்கும் யாருக்கும் நடந்தது, எதற்காக நடந்தது, யார் ஜெயித்தார்கள் என்று அவர் சொல்ல மாட்டார். லூக்கும் கேட்க மாட்டான். அவனுக்கு அது தெரிந்த சமாச்சாரம்.

அந்தப் போரைத் திரையில் பார்க்க ரசிகர்கள் 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 25 வருடங்களில் யாரும் சும்மா இருக்கவில்லை. அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஒரு போரை மனசுக்குள் நடத்தி முடித்திருந்தார்கள். என் பெரியப்பா மகன், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அண்ணன், எண்பதுகளில் வாடகை வீடியோ கேசட்டில் முதல் மூன்று படங்களையும் தேயத் தேயப் பார்த்தவர். அவர் கணக்கில் க்ளோன்கள்தான் எதிரிகள். ஜெடாய்களைப் போலவே செய்யப்பட்ட நகல்கள். எதிரே நிற்பது நண்பனா நகலா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட போர் அது. அந்தக் குழப்பத்தில் தப்பான ஆளைக் கொன்றுவிட்டுத்தான் வேடர் இருட்டுப் பக்கம் போனார். அண்ணன் இதைச் சொல்லிக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும். உண்மையைச் சொன்னால், இந்தப் படங்களை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் எடுத்ததைவிட நல்ல கதை.

எனக்கு அப்படிச் சொந்தக் கதை எதுவும் இருக்கவில்லை. நான் முதலில் பார்த்த ஸ்டார் வார்ஸே, வேடரின் பழைய கதையைச் சொல்ல 1999-இலிருந்து வந்த மூன்று முன்கதைப் படங்களில் முதலாவதான 'த பேன்டம் மெனஸ்'தான். பள்ளிக்கூட விடுமுறையில், கோடு விழுந்த ஒரு விசிடியில். ஆங்கிலம் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் வில்லன் டார்த் மால் தன் லைட்சேபர் என்ற ஒளிவாளின் இரண்டாவது முனையையும் ஏற்றியபோது நான் நாற்காலியில் இல்லை. அதற்கு அப்புறம்தான் அண்ணன் பிடித்து உட்காரவைத்துப் பழைய படங்களைக் காட்டினார். எனக்கு அவை மெதுவாகப் போவதாகத் தோன்றின. அதை வாய்விட்டுச் சொன்னேன். அந்த வருடப் பொங்கல் முழுக்க அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

முன்கதைகள் தேவையா இல்லையா என்ற இந்தச் சண்டை ஏன் ஓயவே மாட்டேன் என்கிறது என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. முன்கதைப் படம் மற்ற எந்தப் படத்தையும்போலக் காலி இடத்தில் வந்து உட்காருவதில்லை. முதல் படம் வேண்டுமென்றே விட்டுவைத்த இடைவெளியில் வந்து உட்காருகிறது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தால் அவரைக் காலி செய்யச் சொல்கிறது. குடியிராதவருக்கு அது புது வீடு, அவ்வளவுதான். அண்ணன் காலி செய்யச் சொல்லப்பட்டவர். நான் புதிதாகக் குடிவந்தவன். எங்கள் இருவருக்கும் பிடித்தது, பிடிக்காதது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எதிர்பார்ப்பு எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். 1998 நவம்பரில் முதல் ட்ரெய்லர் வெளியானபோது, அமெரிக்காவில் சம்பந்தமே இல்லாத வேறு படங்களுக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போய், ட்ரெய்லர் முடிந்ததும் எழுந்து வெளியே வந்தவர்கள் இருந்தார்கள். 1983-க்குப் பிறகு ஒரு படமும் வரவில்லை. லூகாஸ் 1977-க்குப் பிறகு எந்தப் படத்தையும் இயக்கவே இல்லை. 1999 மே 19 அன்று திரை விலகியது. மஞ்சள் எழுத்துகள் மேலேறின. புறநகர் நட்சத்திர மண்டலங்களுக்கான வணிகப் பாதைகளின் வரிவிதிப்பில் தகராறாம். வரி! 1977 படத்தில் எழுத்து ஏறி மறைந்த கையோடு, ஒரு சின்னக் கப்பலைத் துரத்திக்கொண்டு ஒரு ராட்சதக் கப்பல் தலைக்கு மேலே வந்துகொண்டே இருக்கும், முடியவே முடியாது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் முன்னால் கப்பம் கட்டும் பிரச்சினையைக் கொண்டுவந்து வைத்தால் எப்படி இருக்கும்?

அண்ணனை உண்மையில் உடைத்தது வரி அல்ல. மிடிக்ளோரியன். ஃபோர்ஸ் என்பது உயிருள்ள அனைத்தும் சேர்ந்து உண்டாக்கும் ஒரு சக்திப் புலம் என்று ஓபி-வான் சொல்லியிருந்தார். அதற்கு மேல் ஒருவரும் விளக்கவில்லை; விளக்கம் தேவைப்படவும் இல்லை. பேன்டம் மெனஸில் குவை-கான் ஜின் என்ற ஜெடாய், பின்னாளில் வேடர் ஆகப்போகும் சிறுவன் ஆனகினின் ரத்தத்தில் ஒரு துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். செல்லுக்குள் குடியிருக்கும் மிடிக்ளோரியன் என்ற நுண்ணுயிர்களின் எண்ணிக்கை 20,000-க்கு மேல். ஜெடாய்களின் குரு யோடாவுக்கே அவ்வளவு கிடையாது என்று பதில் வருகிறது. "வெறும் வயித்துல வரச் சொன்னாங்களாடா?" என்று கேட்டார் அண்ணன். சிரிப்புதான் வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. பதினாறு வயதில் மொட்டை மாடியில் கையை நீட்டித் தண்ணீர்ச் செம்பை நகர்த்திப் பார்த்தவர் அவர். யாருக்கும் வாய்க்கலாம் என்று நம்பியிருந்த ஒன்று, ரத்தத்தில் இருந்தால்தான் உண்டு என்று ஆகிவிட்டது.

சரி, இதை வைத்துப் பழைய படங்கள் சுத்தம், புதியவை கலப்படம் என்று முடிவுகட்டிவிடலாமா? அங்கேதான் நான் அண்ணனோடு மல்லுக்கு நிற்பேன். வேடர்தான் லூக்கின் அப்பா என்பதே முதல் படம் எடுத்தபோது இருந்த கதை அல்ல. இரண்டாவது படத்துக்கு லீ பிராக்கெட் 1978-இல் எழுதிக் கொடுத்த முதல் வரைவில் லூக்கின் அப்பா தனி ஆள். ஆவியாக வந்து மகனிடம் பேசுகிறார். வேடர் வேறு ஆள். அந்த எழுத்தாளர் வரைவை முடித்த சில வாரங்களில் இறந்துபோனார். அதன் பிறகு திரைக்கதையை லூகாஸ் மாற்றி எழுதும்போதுதான் இரண்டு ஆளும் ஒரே ஆள் ஆனது. ரகசியம் வெளியே போகக் கூடாது என்று படப்பிடிப்பில் வேடர் உடைக்குள் இருந்த டேவிட் பிரௌஸுக்கே வேறு வசனம் கொடுத்திருந்தார்கள். அப்புறம் 1983-இல், அப்பாவை வேடர் கொன்றான் என்று ஏன் பொய் சொன்னீர்கள் என்று லூக் கேட்கும்போது, ஒரு கோணத்தில் பார்த்தால் நான் சொன்னது உண்மைதான் என்று ஓபி-வான் மழுப்புவார். சினிமா வரலாற்றில் இதைவிடப் பெரிய ஒட்டுவேலை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் யாரும் கோபப்படவில்லை. ஏனென்றால் அந்த ஒட்டு, கதையைப் பெரிதாக்கியது. முகமூடிக்குப் பின்னால் யார் என்ற கேள்வி தீர்ந்து, அப்படி ஒருவன் எப்படி இந்த நிலைக்கு வந்தான் என்ற அதைவிடப் பெரிய கேள்வி பிறந்தது.

மிடிக்ளோரியன் எந்தக் கேள்வியையும் பிறப்பிக்கவில்லை. இதில் நான் அண்ணன் கட்சி.

முன்கதைகளைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் இன்னொரு குற்றச்சாட்டு, முடிவு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது என்பது. ஆனகின் வேடர் ஆவான், அவன் மனைவி பத்மே சாவாள், ஜெடாய்கள் அழிவார்கள். பின்னே என்ன இருக்கிறது பார்க்க? இது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத வாதம். விடிய விடியப் பாரதக் கூத்துக்கு உட்காருகிறவர்களுக்குத் துரியோதனன் தொடை பிளந்து சாவான் என்று தெரியாதா என்ன? தெரிந்திருப்பதால்தான் அவன் சபையில் சிரிக்கும்போது நமக்குள் ஏதோ செய்கிறது. 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' படத்தின் இசையரங்கக் காட்சி அப்படிப்பட்டது. பின்னாளில் சக்கரவர்த்தியாகும் பல்படீனும் ஆனகினும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே ஏதோ நீர்க்குமிழி நடனம். பல்படீன், ஜெடாய்களின் பரம எதிரிகளான சித் கூட்டத்தின் பழைய குரு ஒருவரின் கதையைக் கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாகச் சொல்கிறார். தான் நேசித்தவர்களைச் சாகாமல் காக்கத் தெரிந்தவர். ஆனால் தூக்கத்தில் தன் மாணவன் கையாலேயே செத்தவர். அந்த மாணவன் யார் என்று அவர் சொல்வதில்லை. ஆனகின் கேட்பதும் இல்லை. அவன் கேட்பதெல்லாம், அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள முடியுமா என்பது மட்டும். சண்டை இல்லை, கப்பல் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், ஒருவன் விழுந்துகொண்டிருக்கிறான். மூன்று படங்களிலும் எனக்கு இதுதான் உச்சம்.

பல்படீனாக வரும் இயன் மெக்டியார்மிட் விஷயத்தில் லூகாஸுக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. 1983-இல் கிழட்டுச் சக்கரவர்த்தியாக நடித்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, எல்லாம் ஒப்பனை. பதினாறு வருடம் கழித்து, அதே பாத்திரத்தின் நடுவயதுக்குத் தேவையான நிஜ முகத்தோடு வந்து நின்றார்.

பல்படீன் ஆட்சியைப் பிடிக்கும் விதமும் சாதாரணமாக எழுதப்பட்டதல்ல. அவன் படையெடுத்து வருவதில்லை. நெருக்கடி நேர அதிகாரம் என்று கேட்கிறான், சபையே கொடுக்கிறது. பேரரசு பிறந்துவிட்டது என்று அறிவிக்கும்போது மொத்தச் சபையும் கைதட்டுகிறது. 2005-இல் கான் விழாவில் இதைப் பார்த்தவர்கள் ஈராக் போரை நினைத்துக்கொண்டார்கள். லூகாஸ், தான் இதை யோசித்தது வியட்நாம் போர்க் காலத்தில் என்றார். எந்தக் காலத்தில் பார்த்தாலும் பக்கத்து ஊர்ச் செய்தியாகத் தெரிவதுதான் அந்தக் காட்சியின் பலம். வணிகப் பாதை வரியில் ஆரம்பித்த அதே கதைதான் இங்கே வந்து சேர்கிறது என்பது எனக்கு உறைக்க வயதாக வேண்டியிருந்தது.

ஆனால் வசனத்தைக் காப்பாற்ற என்னால் முடியாது. 'அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்' படத்தில் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, தான் காதலிக்கும் பெண்ணிடம், மணல் தனக்குப் பிடிக்காது, சொரசொரப்பாக இருக்கிறது, எங்கே பார்த்தாலும் ஒட்டிக்கொள்கிறது என்கிறான் ஆனகின். அதற்கு அப்புறமும் அவள் அவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். நடாலி போர்ட்மேனும் ஹேடன் கிறிஸ்டன்சனும் மற்ற படங்களில் நன்றாக நடித்தவர்கள்தான். முதல் மூன்று படங்களில் லூகாஸைச் சுற்றி மறுத்துப் பேசக்கூடிய ஆட்கள் இருந்தார்கள் என்பது என் கணிப்பு. தயாரிப்பாளர் கேரி கர்ட்ஸ், எழுத்தாளர் லாரன்ஸ் காஸ்டன், இரண்டாவது படத்தை இயக்கிய இர்வின் கெர்ஷ்னர், முதல் படத்தின் படத்தொகுப்புக்கு ஆஸ்கர் வாங்கிய மூவரில் ஒருவரான மார்சியா லூகாஸ். 1999-க்கு வரும்போது பணமும் அவருடையது, எழுத்தும் அவருடையது, இயக்கமும் அவருடையது. மணல் வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை.

யோடா விவகாரத்துக்கு வருவோம். 1980 படத்தில் யோடா ஒரு பொம்மை. சதுப்புக் காட்டில் கஞ்சி காய்ச்சிக் குடிக்கும் கிழம். மாவீரனைத் தேடி வந்திருக்கிறேன் என்று லூக் சொல்ல, போர் யாரையும் பெரியவனாக்குவதில்லை என்பார். 2002-இல் அதே யோடா ஊன்றுகோலை வீசிவிட்டு, லைட்சேபரை எடுத்துக்கொண்டு சுவருக்குச் சுவர் பாய்கிறார். நான் தியேட்டரில் பார்த்தேன். விசில் காதைப் பிளந்தது, அதில் ஒன்று என்னுடையது. பக்கத்து இருக்கையில் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவர் சண்டை போட மாட்டார்னு இல்லடா. போட வேண்டிய அவசியமே வராதுன்னு நெனச்சேன்" என்றார் வெளியே வரும்போது. அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் விசிலடிப்பேன், ஆனால் புரிகிறது.

பிடிக்கவில்லையென்றால் பார்க்காமல் விட்டுவிட வேண்டியதுதானே என்று எங்களைப் போன்றவர்கள் சொல்வது வழக்கம். பழைய படங்கள் அப்படியேதானே இருக்கின்றன? இல்லை என்பதுதான் விஷயம். 1983 படத்தின் கடைசியில் ஓபி-வான், யோடா இருவரோடும் ஆனகினின் ஆவி நின்று புன்னகைக்கும். நடித்தவர் செபாஸ்டியன் ஷா என்ற வயதான நடிகர். 2004-இல் வந்த டிவிடியில் அவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹேடன் கிறிஸ்டன்சனை நிறுத்திவிட்டார்கள். முன்கதை பின்னோக்கிக் கையை நீட்டி மூலக்கதையையே திருத்திவிட்டது. வேடர் முகமூடி இல்லாமல் மகனைத் தன் கண்ணால் பார்த்த அந்தக் கிழ முகத்தோடு இருபது வருடம் வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! இந்த ஒன்றில் என்னிடம் எதிர்வாதமே கிடையாது.

லூக்கின் இரட்டைச் சகோதரி லேயா தன் அம்மாவைப் பற்றி அவனிடம் சொல்வதும் அப்படித்தான். சின்ன வயதில் இறந்துவிட்டாள், அழகாக இருப்பாள், ஆனால் சோகமாக இருப்பாள் என்கிறாள் அவள் 1983-இல். 2005-இல் பார்த்தால் அம்மா பத்மே பிரசவத்திலேயே இறந்துபோகிறாள். சோகமாக இருக்க நேரம் எங்கே?

சண்டையின் அசிங்கமான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பேன்டம் மெனஸில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரமாக நடித்த அகமது பெஸ்ட் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். கணினி உருவத்தை உடலால் நடித்துக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர். அந்தப் பாத்திரத்தின் மீது விழுந்த வெறுப்பு முழுவதும் அவர் மீது விழுந்தது. தற்கொலை எண்ணம் வரைக்கும் போனதை 2018-இல் அவரே வெளியே சொன்னார். சிறுவன் ஆனகினாக நடித்த ஜேக் லாய்டு கொஞ்ச காலத்திலேயே நடிப்பை விட்டுவிட்டார். என் பால்யத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்பியவர்கள், ஒரு நிஜப் பையனின் பால்யத்தைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. 2023-இல் 'மாண்டலோரியன்' தொடரில் அகமது பெஸ்ட் ஒரு ஜெடாயாக வந்து குழந்தையைக் காப்பாற்றியபோது கொண்டாடியவர்கள் பெரும்பாலும் என் வயசுக்காரர்களும் எனக்குப் பிந்தியவர்களும்தான்.

ஆட்டம் திரும்பியதும் அப்படித்தான். படங்கள் மாறவில்லை. 1999-இல் பத்து வயதாக இருந்தவர்கள் இணையத்தில் எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். 2008-இல் தொடங்கிய 'க்ளோன் வார்ஸ்' கார்ட்டூன் தொடர், மூன்று படங்களும் விட்டுப்போனதைப் பொறுமையாக நிரப்பி ஆனகினை மனிதனாக்கியது. மணல் வசனம் மீம் ஆனது. கிண்டலாகத் தொடங்கி, கொஞ்ச நாளில் பாசமாகிவிட்டது. 2015-க்குப் பிறகு வந்த தொடர்ச்சிப் படங்கள் புதிதாக ஒரு சண்டையைக் கிளப்பிவிட்டதும் முன்கதைகளுக்கு வசதியாகப் போயிற்று. 2025-இல் 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' இருபதாம் ஆண்டுக்காக மறுபடி திரைக்கு வந்தபோது வசனத்தைச் சேர்ந்து சொல்லிக்கொண்டு பார்த்தார்கள்.

சமீபத்தில் அக்கா பையனுக்குப் படங்களைக் காட்ட வேண்டி வந்தது. எந்த வரிசையில்? 1977-இலிருந்து காட்டு என்றார் அண்ணன், இதில் பேச்சுக்கே இடமில்லை என்பதுபோல. முதல் இரண்டையும் காட்டிவிட்டு, வேடர் அப்பா என்று தெரிந்ததும் பின்னோக்கிப் போய் இரண்டு முன்கதைகளைக் காட்டி, கடைசியில் 1983 படத்துக்கு வரும் ஒரு வரிசையை ரசிகர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதில் பேன்டம் மெனஸுக்கு இடமே கிடையாது. டார்த் மாலை விட்டுவிட்டு ஒரு வரிசையா? முடியாது என்றேன். பையனுக்கு ரகசியம் யூடியூப் வழியாக ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதனால் கதை வரிசைப்படியே, எபிசோட் ஒன்றிலிருந்து போட்டேன்.

1977 படத்துக்கு வந்தோம். வெள்ளை நடைபாதை, கதவு வெடித்துப் புகை, கீழே கிடக்கும் சிப்பாய்கள், புகைக்குள்ளிருந்து கறுப்பு உருவம், அந்த மூச்சுச் சத்தம். வில்லன் அறிமுகம் என்றால் இதுதான் என்று அண்ணன் தலைமுறை சத்தியம் செய்யும் காட்சி. பையன் போர்வையை இழுத்துக்கொண்டு, "பாவம் மாமா, ஆனகினுக்கு இன்னும் வலிக்குமா?" என்று கேட்டான்.

இதை அண்ணனுக்கு போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பாத்தியா, பயமே போயிடுச்சு பையனுக்கு. வேடருக்கு எதுக்குடா பால்யம்?" என்றார். எனக்கு அது நேர்மாறாகப் பட்டது. பயந்ததற்குப் பதிலாக அந்தப் பையன் இரக்கப்பட்டான். பயந்தவனைவிட அவனுக்கு அந்தப் படம் அதிக நேரம் வலித்தது. ஆனால் அண்ணன் சொல்வதும் பொய்யில்லை. அந்த நடைபாதையில் நடந்து வந்தவனை யார் என்றே தெரியாமல் பார்க்கும் அனுபவம் அவனுக்கு இனி கிடைக்காது. எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தாலும் ஒன்று போய்விடுகிறது.

ஒரு வேடிக்கை. அண்ணனுக்கு மிகப் பிடித்த புதிய ஸ்டார் வார்ஸ் எதுவென்று கேட்டால் 2016-இல் வந்த 'ரோக் ஒன்' என்பார், அப்புறம் 'ஆண்டோர்' தொடர். இரண்டுமே முன்கதைகள்தான்! ரோக் ஒன் கதை, 1977 படத்தின் முதல் காட்சிக்குக் கொஞ்ச நேரம் முன்னால் முடிகிறது. அதை நான் குத்திக்காட்டினால், "அதுல வர்ற ஆளுங்க யாரையும் எனக்கு முன்னாடி தெரியாதுடா. என் இடத்துல வந்து உக்காரல" என்பார். பேரரசின் ராட்சத ஆயுதமான டெத் ஸ்டாரின் வரைபடங்களைத் திருடிக் கொடுத்துவிட்டுச் செத்தவர்களைப் பற்றி 1977-இல் வந்தது ஒரு தகவல் மட்டுமே. அவர்களுக்கு அவர் மனசில் முகம் வைத்திருக்கவில்லை.

இசையில் மட்டும் எங்கள் வீட்டில் சமாதானம். டார்த் மால் சண்டைக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட கோரஸில் வருவது சமஸ்கிருதம். பழைய வெல்ஷ் கவிதை ஒன்றின் வரிகளை மொழிபெயர்த்து, அர்த்தத்தைவிட ஓசைக்காகக் கோத்தது. அது ஒலித்தால் அண்ணனும் வாயை மூடிக்கொள்வார்.

சி-3பிஓ என்ற தங்க ரோபோவைச் செய்தது சிறுவன் ஆனகின்தான் என்று பேன்டம் மெனஸ் சொல்வதை மட்டும் நானும் இன்றுவரை மன்னிக்கவில்லை. இவ்வளவு பெரிய பால்வீதியில் ஆளே கிடைக்கவில்லையா? அப்புறம் அது பழைய படங்களோடு உதைக்கும் என்று தெரிந்ததும், மூன்றாவது முன்கதையின் முடிவில் அந்த ரோபோவின் நினைவை அழித்துவிடுங்கள் என்று ஒரே வரியில் உத்தரவு போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். அந்தக் காட்சி வரும்போதெல்லாம் அண்ணன் திரையைப் பார்த்துச் சொல்வார்: "அப்படியே எனக்கும் சேத்து அழிச்சிருங்கய்யா."